விசிட்டர் ரூமில் ஒரு துறைமுகம்

"கடலையே பாக்காத பொண்ணு கப்பலப் பத்தி எழுதப் போவுதாம். இன்னாத்த எழுதுவ? தண்ணி நீலமா இருக்குதுன்னா?"

மாஸ்டர் இப்படிக் கேட்டபோது சாம்பிள் ரூமில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின், "அந்தப் படத்துல தண்ணி நீலமா இல்ல மாஸ்டர். மொத்தப் படமும் கறுப்புக் கோடுதான்" என்றேன்.

"அதையும் பாத்து வச்சிருக்கியா? ஜாஸ்திதான் உனக்கு" என்றார் அவர். கத்தியை எடுத்து மறுபடியும் தோலை வெட்டத் தொடங்கினார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூம் அது. வெளிநாட்டிலிருந்து வந்து ஷூ வாங்கும் பையர்களுக்குக் காட்ட வேண்டிய மாதிரி ஜோடிகளை அங்கேதான் செய்வார்கள். மாஸ்டர் வெட்டுவார், இன்னொரு அக்கா தைப்பார். இடது காலும் வலது காலும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்த்து, சீட்டு ஒட்டி, ஆங்கிலத்தில் விவரம் எழுதி, தட்டில் வைத்து விசிட்டர் ரூமுக்குக் கொண்டுபோவது என் வேலை. வேலூரில் சரித்திரம் படித்து டிகிரி வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான்.

சென்னையில் ஒரு கல்லூரியில் ஓவியங்களின் வரலாறு படிக்க விண்ணப்பித்திருந்தேன். மதிப்பெண்ணைவிட ஒரு கட்டுரையைத்தான் அவர்கள் முக்கியமாகக் கேட்டார்கள். நேரில் பலமுறை பார்த்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது யாருக்காக வரையப்பட்டது, அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எந்தக் காசு அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று எழுத வேண்டும். நேரில் பலமுறை பார்த்த படம் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விசிட்டர் ரூமில், பையர்கள் உட்காரும் சோபாவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த, தகட்டில் கோடு செதுக்கித் தாளில் அச்சடித்த பழைய துறைமுகப் படம்.

அந்த அறைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. வேறு கம்பெனிகளின் டிசைன்கள் மேசையில் கிடக்கும் என்பதால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் படத்தைப் படம் பிடிக்க வழியில்லை. தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நிற்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்வேன். பையர் ஒரு ஷூவை வளைத்துப் பார்க்கும்போது இடது மூலை. அடுத்த ஷூவை முகரும்போது நடு. சில நாட்களில் ஒரு கையளவு படம்கூடக் கிடைக்காது. வீட்டுக்கு வந்து, தோல் வெட்ட அளவாக வைத்து மாஸ்டர் கழித்துப்போட்ட பேட்டர்ன் அட்டையின் பின்பக்கத்தில் அன்றைக்குப் பார்த்ததை வரைந்துவைப்பேன்.

எனக்குத் தெரிந்த தண்ணீர் பாலாறு. எங்கள் வீடு விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். நான் பார்த்தவரை ஆறு என்பது மணலும் முள்செடியும், நடுவே ஒரு லாரித் தடமும்தான். எனவே கப்பலைப் பற்றி மாஸ்டர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் அந்தப் படத்தில் கப்பலை முதலில் பார்க்கவே இல்லை. கால்களைத்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பழக்கம். வீட்டுக்கு யாராவது வந்தால் முகத்துக்கு முன்னால் கண் காலுக்குத்தான் போகும். அடிப்பாகம் ஒட்டியதா, தைத்ததா, எந்தக் கம்பெனியின் கழிவு ஜோடி என்று அம்மா ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தை, மாப்பிள்ளையின் ஷூ முனையில் தோல் உரிந்திருந்ததை வைத்தே, "அவசரத்துக்கு எவங்கிட்டயோ கடன் வாங்கிப் போட்டுனு வந்திருக்கான்" என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

படத்தின் வலப்பக்கம், கல் படிகளின் மேல், தொப்பி வைத்த ஓர் ஆள் நிற்கிறான். கையில் தாள். காலில் பக்கிள் வைத்த ஷூ. அந்தப் பக்கிளின் சின்ன ஊசியைக்கூடச் செதுக்கியிருந்தார்கள். அவன் பக்கத்தில் கைத்தடியோடு இரண்டு கனவான்கள், பளபளக்கும் ஷூ. கீழே, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில், மூட்டை சுமந்து நடக்கிறவர்கள். முழங்காலுக்கு மேல் சுருட்டிய துணி. வெறுங்கால். குனிந்த முதுகு. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நெருக்கமான குறுக்குக் கோடுகள்.

ஷூ போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள், போடாதவர்கள் நம் ஆட்கள். பார்த்ததும் முடிவுசெய்துவிட்டேன். கம்பெனியிலும் அதைத்தான் சொல்வார்கள். வருகிற ஒவ்வொரு பையரிடமும் முதலாளி சுவரைக் காட்டி, "பழைய மெட்ராஸ் துறைமுகம். எங்கள் முன்னோர் பதனிட்ட தோல் இங்கிருந்துதான் உங்கள் நாட்டுக்கு வந்தது" என்பார். பையர் தலையாட்டுவார். விலை பேசுவதற்கு முன் குடிக்கும் டீயைப்போல அந்தப் பேச்சும் அங்கே வழக்கமாகிவிட்டது.

முதல் கட்டுரையை அப்படியே எழுதினேன். கயிறு கட்டிய மூட்டைகளைத் தோல் மூட்டைகள் என்றேன். சுமக்கிறவர்களை என் தாத்தாவின் தாத்தா என்றேன். அப்பா டேனரியில் தோலைப் பதனிடும் டிரம் ஓட்டுகிறவர் என்பதையும், அம்மா வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைத்துக் கொடுப்பவள் என்பதையும் எழுதினேன். படத்தில் முகமில்லாத அந்த ஆட்களுக்கு நான் முகம் கொடுக்க வந்திருப்பதாக முடித்தேன்.

வேலூர்க் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த மேடத்துக்கு அனுப்பினேன். அன்றே போன் செய்தார். "அழுதுட்டேன்மா. இத நீ மட்டும்தான் எழுத முடியும். ஒரு வார்த்தை மாத்தாத" என்றார். வேனில் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். என் மேலேயே எனக்கு மரியாதை வந்தது.

வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் எங்கள் தெருமுனையில் ஏற்றிக்கொள்ளும், சாயந்திரம் அதே இடத்தில் இறக்கிவிடும். நடுவில் கம்பெனி கேட். கேட்டுக்குள் போய்விட்டால் மேனேஜர் கையெழுத்து இல்லாமல் வெளியே வர முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, கல்லூரியிலிருந்து நேராகக் கொண்டுவந்த என் டிகிரி சர்டிபிகேட்டின் ஒரிஜினலை வாங்கி அவர் பீரோவில் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் வம்சத்தின் முதல் டிகிரி எங்கள் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. அதைச் சட்டம் போட்டு மாட்ட அம்மா ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள். அதில் இப்போது காலண்டர் தொங்குகிறது.

ஆனால் அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. "எம்பொண்ணு ஒக்காந்து வேல செய்யுது. ஏசி ரூமு" என்று அவள் தெருவில் சொல்லும்போது கழுத்து நிமிரும். அவள் இதே கம்பெனியின் தையல் லைனில் கால் வீங்க நின்று வேலை செய்தவள். நான் உட்கார்ந்திருப்பதே அவளுக்குப் போதும். நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் ஓர் இடத்திலிருந்து எழுந்து போவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அடைத்து வைத்திருந்தால்கூடத் தப்பிக்கலாம். இவர்கள் பெருமைப்பட்டு வைத்திருந்தார்கள்.

கட்டுரையை அனுப்புவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு நாள் வந்த பையருக்கு நடுவில் ஒரு போன் வந்தது. வெளியே போய்ப் பேசப் போனவர் திரும்பவில்லை. முதலாளியும் எழுந்து போனார். அந்த அறையில் முதல்முறையாக நான் தனியாக நின்றேன். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் படத்துக்கு நேராகப் போனேன். கால்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் அண்ணாந்து மேலே பார்த்தேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் வீடுகள். செங்குத்தாகச் சரிந்த கூரைகள். ஒவ்வொரு கூரையிலும் ஒரு புகைக்கூண்டு. ஒன்றிலிருந்து புகை வருகிறது. மூலையில் ஒரு மரம், ஓர் இலைகூட இல்லாமல். அதன் கீழே கூடை வைத்திருக்கும் ஒரு பெண் கழுத்துவரை துணி சுற்றி, குளிரில் தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

மெட்ராஸில் எந்த வீட்டில் புகைக்கூண்டு?

மறுபடியும் மூட்டைகளைப் பார்த்தேன். எல்லோரும் முதுகிலும் தோளிலும் சுமந்திருந்தார்கள். தலையில் சுமந்தவர் ஒருவர்கூட இல்லை. தவிட்டு மூட்டை, விறகு, தண்ணீர்க் குடம், தோல் கட்டு எல்லாவற்றையும் தலையில் ஏற்றுகிற ஊரில் பிறந்தவள் நான். இத்தனை நாள் அதைப் பார்க்கவில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தலை எப்படித் தெரியும்? படத்தில் இருந்தது நம் கரை இல்லை. கப்பல் போய்ச் சேர்ந்த கரை. வெறுங்காலோடு குனிந்து நின்றவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

சாம்பிள் ரூமுக்கு வந்ததும் மாஸ்டரிடம் சொன்னேன்.

"மெட்ராஸ் இல்லியா? அப்ப எந்த ஊரு?"

"தெரியல மாஸ்டர். அடியில பேர் இருந்திருக்கலாம். சட்டம் போடும்போது அட்ட வச்சி மறச்சிட்டாங்க."

"அப்ப மறஞ்சே இருக்கட்டும். மொதலாளி வர்ற பார்ட்டிக்கெல்லாம் மெட்ராஸுன்னு சொல்ட்டாரு. இப்ப போயி ஊரயே மாத்துனா பேஜாரு." தையல் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். "இன்னும் கொஞ்ச நாள் போனா இந்தப் பொண்ணு இது ஆம்பூரே இல்லன்னு சொல்லிடும் பாரு."

மேடத்துக்கும் சொன்னேன். "பழைய கட்டுரை நல்லா இருக்கேம்மா. அதையே அனுப்பு. யார் வந்து அந்தச் சுவரைப் பாக்கப்போறாங்க?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். கம்பெனிக்கு மெட்ராஸ் வேண்டும். மேடத்துக்கு என் தாத்தாவின் தாத்தா வேண்டும். சென்னையில் இருக்கிறவர்களும் ஒருவேளை அதையே விரும்பலாம். தோல் ஊரிலிருந்து வந்த பெண் தோலைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் பிடிக்கும். எங்கே போனாலும் அதே கேட்டுக்குள்தான் நிற்பேன் போலிருந்தது.

அன்று சாயந்திரம் அட்டைகளைத் தரையில் பரப்பினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, மடியில் ஷூவின் மேல்பாகத்தைக் கவிழ்த்து, இரண்டு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, வெறும் காலா போட்டு வச்சிருக்க? ஆளு எங்க?"

"ஆளுக்கு மொகமே போடலம்மா அவங்க."

"யாருடி இவங்க? நம்ம பக்கமா?"

"அப்படித்தான் நெனச்சேன். இல்ல. வெள்ளக்காரங்க."

அம்மா ஊசியை நிறுத்தினாள். "வெள்ளக்காரனா? செருப்பு இல்லாமயா?" அட்டையைக் கையில் எடுத்து விளக்குப் பக்கம் திருப்பினாள். "அவுங்களுக்கே போடறதுக்குத்தானே நாம தச்சினு கீறோம்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ பாவம். குளுராது?"

அந்தச் சிரிப்போடு உட்கார்ந்து புதிதாக எழுதினேன். இந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கப்பல்காரர்களாகவும் கப்பலில் சரக்கு அனுப்பியவர்களாகவும்தான் இருக்க முடியும் என்று தொடங்கினேன். கப்பலின் ஒவ்வொரு கயிறும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கயிறு ஒன்று தப்பினால் வாங்குகிறவன் கண்டுபிடித்துவிடுவான். மூட்டை சுமப்பவனின் முகம் தப்பினால் யார் கேட்கப் போகிறார்கள்? தகட்டில் கோடு செதுக்கியவனும் கூலிக்காரன்தான். எங்கள் சாம்பிள் ரூமைப் போல, பார்க்கப்படுகிற பக்கத்தைத்தான் அவன் நன்றாக முடித்திருக்கிறான். உள்பக்கத்துத் தையலை யார் பார்ப்பார்கள்?

தண்ணீர் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எழுதினேன். யாரும் வழுக்கி விழவில்லை, யாரும் கத்தவில்லை. படத்தில் நாற்றம் இல்லை. வியாபாரம் என்பது சுத்தமான, ஒழுங்கான காரியம் என்று பார்க்கிறவருக்குச் சொல்வதற்காகச் செய்யப்பட்ட படம் அது. ஏதோ ஒரு குளிர்நாட்டு அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்துவிட்டு, எப்படியோ ஆம்பூருக்கு வந்து, ஜன்னலைத் திறந்தால் டேனரி நாற்றம் வருகிற ஊரில், ஜன்னல் திறக்காத அறையில் மறுபடியும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

கடைசியில் என் தவறையும் எழுதினேன். குனிந்த முதுகையும் வெறுங்காலையும் பார்த்ததும் அது நாமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். குனிவது நமக்கு மட்டும் எழுதிவைத்தது என்று என்னை நம்பவைத்தது எது? மூட்டைகளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றும் எழுதினேன். அந்த வரியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவளாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். எழுதி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு புதிய பையர் வந்தார். வயதான மனிதர். முதலாளி வழக்கம்போலச் சுவரைக் காட்டி மெட்ராஸ் என்றார். பிறகு, அன்றைக்கு என்ன உற்சாகமோ, தட்டோடு நின்ற என்னைக் காட்டி, "எங்கள் தொழிலாளியின் மகள். சரித்திரப் பட்டதாரி. இந்தப் படத்தைப் பற்றி அவளையே கேளுங்கள்" என்றார். அவர் என்னை அவமானப்படுத்தவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். தட்டில் இருந்த ஜோடிகளோடு நானும் ஒரு சாம்பிள் ஆனேன்.

பையர் புன்னகையோடு என்னைப் பார்த்தார். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் அம்மாவின் கழுத்து நிமிர்ந்தே இருக்கும். ஆனால் நான் எழுதி அனுப்பிய தாள் எங்கோ ஒரு மேசையில் இருந்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இது மெட்ராஸ் இல்லை என்று நினைக்கிறேன் சார். கூரைகளைப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பையர் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கு படத்தில் படும் அளவுக்குக் குனிந்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "இந்தப் பெண் சொல்வது சரி. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் எந்த ஊராகவும் இருக்கலாம்." முதலாளியும் சிரித்தார். ஆர்டரும் கிடைத்தது. கெட்டது எதுவும் நடக்கவில்லை.

சாயந்திரம் மேனேஜர் கூப்பிட்டார். "நீ சொன்னது தப்புன்னு சொல்லலம்மா. ஆனா மொதலாளி பேசற எடத்துல... புரியுதில்ல? இனிமே சாம்பிள வேற யாராவது கொண்டு போவட்டும். நீ கொஞ்ச நாள் லைன்ல செக்கிங் பாரு."

லைன் என்றால் நிற்க வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த தையல் அப்படியே நின்றது. "வாய மூட்னு இருந்திருக்கலாம்ல? ஒரு படம். எந்த ஊரா இருந்தா உனக்கு இன்னா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நின்னா கால் வலிக்கும், பழகிடும்" என்றார். அவர் எனக்கு ஆறுதல்தான் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்டுத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பழகிவிடும் என்று எனக்கும் தெரியும்.

லைனில் நின்றிருந்தபோதுதான் சென்னையிலிருந்து தகவல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு நேரில் வந்து சேர வேண்டும்.

வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். "படம் பாக்கறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். "போனா இந்த வேல திரும்பக் கெடைக்காது" என்றார். அவர் சொன்னது உண்மை. அம்மா தைத்துக்கொண்டே இருந்தாள். போகாதே என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய்ச் சர்டிபிகேட்டைக் கேட்டேன்.

"நல்லா யோசிச்சியா? இத உங்கைல குடுத்துட்டேன்னா அவ்ளோதான்."

"யோசிச்சேன் சார்."

அவர் பீரோவைத் திறந்து, ஒரு கத்தை உறைகளுக்கு நடுவிலிருந்து என் உறையை உருவினார். நான் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். வெளியே வந்து உறையைப் பிரித்துப் பார்த்தேன். தாளில் தோல் வாசனை ஏறியிருந்தது. சாம்பிள் ரூம் வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். "கடலப் பாத்தா சொல்லு, நீலமா கறுப்பான்னு" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாயந்திரம் தெருமுனையில் வேனிலிருந்து இறங்கும்போது, திங்கட்கிழமையிலிருந்து எனக்காக இங்கே நிறுத்த வேண்டாம் என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.